தொல்குடி ஊருக்கு ஒரு பண்பாட்டு மையம்: முதல்முறை வடிவமைப்பவருக்கு ஒரு வழிகாட்டி

ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் வேலை பார்க்கும் இளம் கட்டடக் கலைஞர்களின் மேசைக்கு ஏதோ ஒரு கட்டத்தில் இப்படியொரு வேலை வந்து சேர்ந்துவிடுகிறது. நகரத்திலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, தொல்குடி மக்கள் வாழும் ஓர் ஊரில், பயணிகள் வந்து பார்க்கவும் ஊர்க்காரர்கள் தங்கள் பண்பாட்டைப் பேணவும் ஒரு மையம் கட்ட வேண்டும். பணம் பெரும்பாலும் அரசுடையது. இடமோ கண்ணைப் பறிக்கும். கேட்ட மாத்திரத்தில் வளைந்த கூரையும் செம்மண் சுவரும் மாலை வெயிலுமாக மனத்தில் ஒரு படம் ஓடத் தொடங்கிவிடும். அந்தப் படத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

பயணி எல்லாவற்றையும் பார்க்க வருகிறார். ஊர்க்காரருக்கோ சொல்ல விரும்புவதும் உண்டு, சொல்லவே கூடாததும் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஓடும் எல்லையைச் சுவராகவும் கதவாகவும் பாதையாகவும் ஆக்கித் தருவதே வடிவமைப்பாளரின் பணி. எல்லையை வகுக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. கீழே சொல்லியிருக்கும் படிகள் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருபவைதான்.

எடுத்துக்காட்டாக நான் அடிக்கடி திரும்பப் போவது நடு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் இருக்கும் உலுரு-கட்டா ஜூட்டா பண்பாட்டு மையத்துக்கு. 1985 அக்டோபர் 26 அன்று, உலுரு என்ற பெரும் பாறை நிற்கும் நிலத்தின் உரிமை அங்குள்ள தொல்குடியினரான அனங்கு மக்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைத்த கையோடு அந்த நிலத்தைத் தேசியப் பூங்காவாக நடத்த 99 ஆண்டுக் குத்தகைக்கு மத்திய அரசு எடுத்துக்கொண்டது. சரியாகப் பத்து ஆண்டு கழித்து, 1995இல் அதே நாளில், மையம் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் மெல்பர்னைச் சேர்ந்த கிரெகரி பர்ஜஸ். பக்கத்து நகரமான ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 450 கிலோமீட்டர். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் இந்த வகைக் கட்டடங்களில் முதலில் படிக்க வேண்டியது இதுதான் என்பது என் கருத்து.

முதல் படி: உங்களை அழைத்தவரும் முடிவெடுப்பவரும் ஒருவர்தானா என்று பாருங்கள்

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் பெரும்பாலும் ஓர் அரசுத் துறை. நிலம் ஓர் அறக்கட்டளையின் பெயரில் இருக்கும். கட்டடத்தை நடத்தப்போவது ஊர் மன்றமாகவோ கலைக்கூடமாகவோ இருக்கும். கதைகளுக்கு உரியவர்களோ இந்த மூன்றிலும் சேராத சில குடும்பங்கள். இவர்களில் யாருடைய 'சரி' செல்லும் என்பது முதல் வாரத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும்.

உலுருவில் இது ஓரளவு தெளிவாக இருக்கிறது. பூங்காவை நடத்தும் வாரியத்தில் 12 உறுப்பினர்கள். அவர்களில் 8 பேர் அனங்கு மக்கள் முன்மொழிந்தவர்கள். பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 25 விழுக்காடு நில உரிமையாளர்களுக்குப் போகிறது. உங்கள் ஊரில் இப்படி இல்லையென்றால், கட்டடம் யார் பெயரில் இருக்கும், டிக்கெட் பணம் யாருக்கு, மின்கட்டணம் யார் தலையில் என்ற மூன்றையும் கேளுங்கள். இதைக் கேட்பது கட்டடக் கலைஞரின் வேலையா என்று துறை அதிகாரி முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். நடத்தப் பணமில்லாத ஊருக்கு ஆயிரம் சதுர மீட்டர் கட்டடம் வரைந்து கொடுப்பது உதவி ஆகாது.

சில வேளைகளில் சரியான விடை, 'உங்களுக்கு இப்போது தேவை ஒரு நல்ல நிழற்கூரை, கழிப்பறை, ஒரு பூட்டுள்ள அறை. மற்றது பிறகு' என்பதாகவே இருக்கும். அதைச் சொல்லும் துணிவு வேண்டும்.

இரண்டாம் படி: போவது, உட்காருவது, பேச்சைக் கேட்பது

உலுரு இருக்கும் ஆஸ்திரேலிய ஆட்சிப்பகுதியான வடபகுதியில் (Northern Territory) தொல்குடி நிலத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். 1976ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டத்தின் வழி வந்த ஏற்பாடு அது. சீட்டு கிடைத்துவிட்டால் நினைத்த நாளில் போகலாம் என்று எண்ண வேண்டாம். கோடை மாதங்களில் சடங்குகள் நடக்கும்போது சில சாலைகள் வெளியாருக்கு மூடப்படும். ஊரில் ஒரு சாவு விழுந்தால் எல்லாக் கூட்டமும் நின்றுவிடும், சில நாளோ சில வாரமோ. திட்டக் கால அட்டவணையில் இதற்கு இடம் விடாதவர், பிறகு ஊர்க்காரர்கள் 'ஒத்துழைக்கவில்லை' என்று அறிக்கை எழுதுவார். அப்படிப்பட்ட அறிக்கைகள் நிறையப் படித்தாகிவிட்டது.

குழுவில் ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். பாலைவன மக்களிடம் ஆண்களுக்கே உரிய அறிவும் பெண்களுக்கே உரிய அறிவும் தனித்தனி. ஆண்கள் மட்டும் போன குழுவிடம் பெண்கள் தங்கள் இடங்களைப் பற்றிப் பேச மாட்டார்கள். திட்ட வரைபடத்தில் அந்தப் பகுதி வெற்று நிலமாக விழும். வெற்று நிலம் என்று நீங்கள் நினைத்த இடத்தில்தான் வாகன நிறுத்தத்தை வைப்பீர்கள். நீலகிரித் தோடர் மந்துகளில் பால்கோயிலுக்குள் பெண்கள் போவதில்லை என்பதை அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதிதாக இராது. பாலைவனத்தில் இதன் மறுபக்கமும் உண்டு: ஆண்கள் கண்ணெடுத்தும் பார்க்கக் கூடாத பெண்களின் இடங்கள்.

மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கூட்டம் நடத்தாதீர்கள். உலுருவின் அருகே அனங்கு மக்கள் வாழும் முட்டிஜூலு ஊரில் பிட்ஜன்ஜாராவும் யன்குன்ஜஜாராவும்தான் அன்றாட மொழிகள், ஆங்கிலம் அலுவலுக்கு. மொழிபெயர்ப்பாளருக்கு மட்டுமல்லாமல், கூட்டத்துக்கு வரும் மூத்தோருக்கும் அவர்கள் செலவிடும் நேரத்துக்கு ஊதியம் கொடுங்கள், அன்றைக்கே. ஓர் ஆலோசகர் மணிக்கு இவ்வளவு என்று வாங்கும் இடத்தில், அந்த நிலத்தைப் பற்றி அவரைவிட நூறு மடங்கு தெரிந்தவர் தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் பேசிவிட்டுப் போவது எந்த ஊர் நியாயம்?

'ஆம்' என்ற பதிலை உடனே நம்ப வேண்டாம். அதிகாரம் உள்ளவர் முன்னால், அதிலும் அந்நிய மொழியில், பேச்சை முடித்துக்கொள்ள 'ஆம்' என்று சொல்லிவிடும் வழக்கம் ஆஸ்திரேலிய நீதிமன்றங்களிலும் மொழியியல் ஆய்வுகளிலும் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. 'நுழைவாயில் கிழக்கே வைக்கலாமா?' என்றால் ஆம். 'மேற்கே?' ஆம். ஆகவே ஆம்-இல்லை கேள்விகளைத் தவிருங்கள். ஒரு மாதிரியைத் தரையில் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். அமைதி நீளும். நிரப்பத் தோன்றும், நிரப்பாதீர்கள்.

தரை என்று சொன்னேன். மேசை நாற்காலியும் திரையில் ஒளிவீச்சும் இந்தப் பேச்சுக்கு உதவுவதில்லை. பாலைவனப் பெண்கள் மணலில் வரைந்தபடியே கதை சொல்வார்கள். உள்ளங்கையால் மணலைத் துடைத்துச் சமமாக்கி, விரலாலோ குச்சியாலோ ஒரு வளைவு போட்டால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வட்டத்துக்குள் வட்டம் போட்டால் அது முகாம் அல்லது நீர்ச்சுனை. நடுவில் ஒரு கோடு இழுத்தால் பயணம். ஒரு காட்சி முடிந்ததும் கை அதை அழித்துவிடும், அடுத்தது தொடங்கும். இடங்களையும் இடங்களுக்கிடையிலான உறவையும் மேலிருந்து பார்த்து வரையும் இந்தப் பழக்கம், நாம் கல்லூரியில் கற்ற தள வரைபடத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அவர்கள் கையில் குச்சியைக் கொடுத்துவிட்டு நாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். உலுருவில் வடிவமைப்புக் குழு முட்டிஜூலுவில் தங்கி, மணல் வரைவுகளையும் ஓவியங்களையும் கொண்டுதான் கட்டடத்தின் போக்கை முடிவுசெய்தது.

அடுத்து, திட்டம் ஓரளவு உருவானதும், முளைக்குச்சியும் கயிறும் சுண்ணாம்புத் தூளும் கொண்டு முழு அளவில் தரையிலேயே கட்டடத்தைக் கோடு போட்டுக் காட்டுங்கள். எல்லோரும் உள்ளே நடந்து பார்க்கட்டும். காகிதத்தில் எழாத எதிர்ப்பு அங்கே எழும். 'இங்கே நின்றால் அது தெரிகிறது' என்று ஒருவர் சொல்வார். 'எது' என்று கேட்க வேண்டாம், கோட்டை நகர்த்துங்கள்.

மூன்றாம் படி: இடம்

நல்ல காட்சி தெரியும் இடம் என்பது பயணியின் கணக்கு. ஊர்க்காரரின் கணக்கில் முதலில் வருவது எது தெரியக் கூடாது என்பது. உலுருவைச் சுற்றி நடக்கும் பாதையிலேயே, குறிப்பிட்ட பகுதிகளைப் படம் எடுக்க வேண்டாம் என்று பலகைகள் இருக்கின்றன. அந்த இடங்களின் விவரம் பாறைமேலேயே எழுதப்பட்டிருக்கிறது, அதை அதற்குரிய இடத்தில் உரியவர்தான் பார்க்க வேண்டும் என்பது அனங்கு நெறி. ஒரு பெரிய கண்ணாடிச் சுவரை அந்தத் திசையில் திறந்துவைத்தால் பலகைகளுக்குப் பொருளில்லை.

வடபகுதியில் 1989ஆம் ஆண்டுப் புனித இடங்கள் சட்டத்தின்கீழ் ஒரு தனி ஆணையம் இருக்கிறது. நில உரிமையாளர்களிடம் கலந்து பேசி, எங்கே தோண்டலாம், எங்கே கூடாது என்று சான்றிதழ் தருவது அதன் பணி. அந்தச் சான்றிதழ் வாங்காமல் மண் பரிசோதனைக்கு ஒரு குழிகூட வெட்டாதீர்கள். ஆனால் சான்றிதழோடு கடமை முடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். 2020 மே மாதம் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூக்கன் பள்ளத்தாக்கில், 46,000 ஆண்டு மனித வாழ்வின் தடயங்கள் இருந்த பாறைக்குகைகளை ரியோ டின்டோ சுரங்க நிறுவனம் வெடிவைத்துத் தகர்த்தபோது, அதன் கையில் சட்டப்படியான அனுமதி இருந்தது. அனுமதி 2013இல் வாங்கியது. அதன்பிறகு கிடைத்த சான்றுகளும், அங்குள்ள மக்களின் மறுப்பும் அந்தத் தாளில் இல்லை.

ஊருக்கும் மையத்துக்கும் நடுவே எவ்வளவு தொலைவு என்பது அடுத்த கேள்வி. முட்டிஜூலு ஊருக்குள் பயணிகள் போக முடியாது. மையம் தனியே இருக்கிறது. பேருந்துகள் அங்கே வந்து அப்படியே திரும்பிவிடும். ஒரு குடும்பம் சோறு பொங்கும் முற்றத்தைப் பேருந்துச் சன்னலிலிருந்து யாரும் படம் பிடிக்க இயலாது. அதே வேளை, வேலைக்கு வருபவர் கார் இல்லாமலும் வந்து சேரும் தொலைவாக இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துவரும் இடம் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் தேறும்.

தண்ணீர், கழிவுநீர், மின்சாரம் இவற்றை இடத் தேர்வின்போதே பாருங்கள். கோவிடுக்கு முந்தைய ஆண்டுகளில் உலுருவுக்கு ஆண்டொன்றுக்கு இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அவர்கள் சீராக வருவதில்லை. சூரிய உதயம் பார்த்துவிட்டு நான்கைந்து பேருந்துகள் ஒன்றாக வந்து நிற்கும். இருநூறு பேர் இறங்குவார்கள். இருநூறு பேருக்கும் முதலில் வேண்டியது கழிப்பறை. ஆண்டுக்கு முந்நூறு மில்லிமீட்டர் அளவே மழை பெய்யும் நிலத்தில் அந்தத் தண்ணீர் ஊராரும் குடிக்கும் நிலத்தடி நீர்தான்.

நான்காம் படி: எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் இருப்பது

இதுதான் வேலையின் நடுப்பகுதி. அவசரம் கூடாது.

1940இல் மானுடவியலாளர் சார்ல்ஸ் மவுண்ட்ஃபோர்டிடம் பிட்ஜன்ஜாரா ஆண்கள் சில செய்திகளை நம்பிக்கையின் பேரில் சொன்னார்கள். அவை முப்பத்தைந்து ஆண்டு கழித்து ஒரு நூலாக அச்சேறின. தங்கள் பெண்களும் சிறுவர்களும் பார்க்கக் கூடாதவை அதில் இருக்கின்றன என்று அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1976இல் வடபகுதி உச்ச நீதிமன்றம் அந்த நூலை அங்கே விற்பதற்குத் தடை விதித்தது. கண்காட்சிப் பலகைக்கு எழுதித் தருபவரும், சுவர் ஓவியத்துக்கு வடிவம் கேட்பவரும், 'இது எங்கோ அச்சில் வந்ததுதானே' என்று சொல்வதற்கு முன் இந்த வழக்கை நினைத்துக்கொள்ள வேண்டும். அச்சில் வந்தது என்பதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது.

இறந்தவரின் பெயரும் படமும் இன்னொரு செய்தி. இறந்தவரின் பெயரைச் சொல்வதை அனங்கு மக்கள் நெடுங்காலம் தவிர்ப்பார்கள். அதே பெயர் கொண்ட மற்றவர்களையும் குன்மனாரா என்ற மாற்றுப்பெயரால் அழைப்பார்கள். படத்தை மூடிவைப்பார்கள். கட்டடத்தில் இது எப்படி வந்து நிற்கும்? ஒரு மூத்தவரைப் பெருமைப்படுத்துவதாக நினைத்து அரங்கத்துக்கு அவர் பெயரை வைத்துக் கல்லில் பொறித்தால், அவர் மறைந்த மறுநாள் அந்த அரங்கத்தின் பெயரையே யாரும் உச்சரிக்க முடியாது. ஆகவே பெயர்களையும் முகங்களையும் கல்லிலும் உலோகத்திலும் பொறிக்காதீர்கள். ஒரு திருகாணிச் சாவியால் ஊர்க்காரரே கழற்றி மாற்றும்படி பலகைகள் இருக்கட்டும். புகைப்படச் சுவர் முன்னால் ஒரு திரைச்சீலைக் கம்பி மாட்டுங்கள். திரையில் ஓடும் காணொளி என்றால், ஒருவர் வரும் பகுதியை மட்டும் நிறுத்தும் வசதி வேண்டும். அதற்காக அடிலெய்டிலிருந்து பொறியாளர் வர வேண்டிய நிலை கூடாது. பிட்ஜன்ஜாரா, யன்குன்ஜஜாரா மக்கள் 1994இல் தொடங்கிய அரா இரிட்டிஜா எண்மியக் காப்பகம் இவற்றையெல்லாம் மென்பொருளிலேயே தீர்த்திருக்கிறது. ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்கு மட்டும், துக்கத்தின் பொருட்டு மறைக்கப்பட்டவை என்று பகுதிகள் உண்டு. கண்காட்சியை வகுப்பவர் அதைப் பார்த்துப் படிக்கலாம்.

அருங்காட்சியகங்கள் திருப்பித் தரும் புனிதப் பொருள்களை வைக்க ஊருக்குக் காப்பறை வேண்டியிருக்கும். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. கதவுகள் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. போகும் வழியும் வேறு. பயணிகளுக்குக் கொடுக்கும் வரைபடத்தில் இந்த அறைகள் இடம்பெற வேண்டாம். தீயணைப்புத் துறைக்குக் கொடுக்கும் வரைபடத்தில் 'பண்டகசாலை' என்று எழுதினால் போதும்.

கண்காட்சியின் நோக்கத்தை எழுதும்போது ஒரே ஒரு கேள்வியை ஊராரிடம் கேளுங்கள்: இங்கிருந்து வெளியே போகும் பயணி எதைச் செய்யாமல் இருக்க வேண்டும்? உலுருவில் இதற்கு விடை மிகத் தெளிவாக இருந்தது. பாறைமேல் ஏறாதீர்கள் என்பதே அது. மையம் திறந்தபோது ஏறுவதற்குத் தடை இல்லை. ஏன் ஏற வேண்டாம் என்கிறோம் என்பதை, அனங்கு நெறியான ஜுக்குர்பாவைச் சொல்லி விளக்கும் பணி கட்டடத்தின் மேல் விழுந்தது. பாறைக்குப் போகும் முன் பயணி இங்கே வர வேண்டும் என்ற பாதை அமைப்பே அதற்காகத்தான். ஏறுவோர் பங்கு ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது. அது 20 விழுக்காட்டுக்கும் கீழே போனால் மூடலாம் என்று பூங்கா மேலாண்மைத் திட்டத்தில் ஒரு வரையறை இருந்தது. 2017இல் வாரியம் ஒருமனதாக முடிவெடுத்து, 2019 அக்டோபர் 26 அன்று ஏறுவதை முழுவதுமாக நிறுத்தியது. சரிவுக்கு மையம் ஒன்றே காரணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இப்படியொரு தெளிவான பணி கொடுக்கப்பட்ட கண்காட்சி, 'பண்பாட்டைக் கொண்டாடுவோம்' என்று தொடங்கும் கண்காட்சியைவிட எத்தனையோ மடங்கு கூர்மையாக வரும்.

ஐந்தாம் படி: தளம்

கட்டடத்துக்கு இரண்டு பக்கம் உண்டு என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள்: பயணி பக்கம், ஊர்ப் பக்கம். ஊர்ப் பக்கத்துக்குத் தனி வாசல், தனி நிழல், தனி வாகன நிறுத்தம், தனிக் கழிப்பறை. வேலை செய்பவர் இடைவேளையில் உட்காரும் இடம் யார் கண்ணிலும் படக் கூடாது. நாள் முழுக்கப் பார்க்கப்படுவதே ஒரு களைப்பு.

பாலைவன மக்களிடையே மருமகனும் மாமியாரும் நேருக்கு நேர் வரக் கூடாது, பேசக் கூடாது. ஒரே வழியாக நுழைந்து அதே வழியாக வெளியேறும் அறையும், திருப்பத்தில் யார் வருகிறார் என்று தெரியாத குறுகிய நடையும் இந்த ஊரில் வேலைக்கு ஆகாது. எந்த அறைக்கும் இரண்டு வழி வேண்டும். உள்ளே யார் இருக்கிறார் என்பதை வெளியிலிருந்தே பார்த்து, வேண்டுமென்றால் சுற்றிப் போகும் வசதி வேண்டும். அகன்ற தாழ்வாரமும் முற்றமும் இதற்காகவே பொருந்தி வருகின்றன. பேச்சு நடப்பது பெரும்பாலும் வெளியில்தான், தரையில் உட்கார்ந்துதான். அதனால் குளிரூட்டிய அரங்கத்துக்குச் செலவிடும் பணத்தில் பாதியை நிழலுக்குச் செலவிடுங்கள். கோடைப் பகலில் வெப்பம் 45 பாகையைத் தொடும். குளிர்கால இரவில் தண்ணீர் உறையும். நெருப்பு மூட்டி உட்காரவும் இடம் வேண்டும். நாய்களும் வரும், விரட்ட முடியாது.

கைவினைஞர் வேலை செய்யும் இடத்தைப் பற்றித் தனியே ஒரு சொல். உலுரு மையத்தில் இயங்கும் மாருக்கு என்ற அமைப்பு 1984இல் தொடங்கியது. அனங்கு மக்களுக்கே சொந்தமானது. மரத்தைச் செதுக்கிப் பல்லியும் கிண்ணமும் செய்து, நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அதன் மேல் கோலங்களைச் சுட்டு வரைவார்கள். கம்பி ஆறுவதற்குள் இழுக்க வேண்டும், ஆறியதும் மீண்டும் நெருப்பில். கருகிய மரத்தின் புகை கண்ணில் அடிக்கும். இந்த வேலைக்கு ஒரு 'கலைக் கூடம்' என்று வெள்ளைச் சுவரும் பளபளத்த தரையும் புகை உணர்கருவியும் வைத்துக் கொடுத்தால், ஒரே வாரத்தில் எல்லோரும் வெளியே மரத்தடிக்குப் போய்விடுவார்கள். மணல் தரை, மேலே புகை போகத் திறந்த கூரை, விறகு அடுக்க ஓர் இடம், பக்கத்தில் தண்ணீர்க் குழாய், இவ்வளவுதான் தேவை. வாங்க வருபவர் பார்க்கலாம்; ஆனால் படம் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டும் என்பது வாசலிலேயே தெரிய வேண்டும். அந்தப் பலகையைக் கடைசி நேரத்தில் ஒட்டுவதற்கு விடாமல் தளத்திலேயே குறித்துவையுங்கள்.

ஆறாம் படி: உருவமும் பொருளும்

இப்போதுதான் உருவம். உலுரு மையம் எதிரெதிரே வளைந்து கிடக்கும் இரண்டு பாம்புகளைப் போன்ற இரண்டு கட்டடங்கள்: குனியா என்ற மலைப்பாம்புப் பெண், லிரு என்ற நச்சுப் பாம்பு. பாறையடியில் அவர்கள் மோதிய கதை, அனங்கு மக்கள் வெளியாருக்குச் சொல்ல இசைந்த கதைகளில் ஒன்று. அதற்கு ஐந்தாண்டு முன் விக்டோரியாவில் கட்டிய பிரம்பக் மையத்துக்கும் பர்ஜஸ் பறவையின் விரிந்த சிறகை நினைவூட்டும் கூரை போட்டார். மேற்கு ஆஸ்திரேலியாவின் கரிஜினி தேசியப் பூங்காவில் 2001இல் வந்த மையத்தின் தளம் உடும்பு வடிவம்; துருப்பிடித்த நிறத்து எஃகுச் சுவர்கள் அந்தச் செம்மண்ணோடு கலந்து நிற்கின்றன.

இவற்றைப் பார்த்துவிட்டு, நகரத்து அலுவலகங்களில் முதல் நாளிலேயே ஆமையும் கழுகும் வரையத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு இதில் பொறுமை குறைவு. எந்த விலங்கு, யாருடைய கதை, அதை வெளியில் சொல்ல யாருக்கு உரிமை என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்கும் முன் கூரைக்கு வால் வரைவது அலங்காரம்தான். ஊராரே அந்த வடிவத்தைத் தந்தால் மகிழ்ச்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். தராவிட்டால் நேரான கூரையும் நல்ல தாழ்வாரமும் எந்த வகையிலும் தாழ்ந்தவை அல்ல.

பொருளைப் பொறுத்தவரை, உலுரு மையத்தின் சுவர்கள் அங்கேயே செய்த சுடாத மண்கற்களால் ஆனவை. பகல் வெப்பத்தைத் தாங்கி இரவுக்குத் தருவது ஒரு நன்மை. நூறு கிலோமீட்டர் கணக்கில் லாரியில் ஏற்றி வர வேண்டியதில்லை என்பது இன்னொன்று. உள்ளூர்க் கைகளுக்கு வேலை என்பது மூன்றாவது. ஆனால் மண்சுவருக்கு நல்ல கூரை நீட்டமும் தரையிலிருந்து உயர்ந்த அடித்தளமும் கட்டாயம். பாலைவனத்தில் மழை அரிது. பெய்தால் கொட்டித் தீர்க்கும். கரையானுக்கும் சேர்த்து யோசியுங்கள்.

பொருள் தேர்வுக்கு என்னிடம் இருக்கும் ஒரே அளவுகோல், இது உடைந்தால் யார் சரிசெய்வார் என்பதுதான். உலுருவுக்குத் தெற்கே உள்ள பிட்ஜன்ஜாரா நிலங்களில் 1980களின் நடுவில் கட்டடக் கலைஞர் பால் ஃபொலெரோஸும் அவருடைய தோழர்களும் தொடங்கிய ஹெல்த்ஹேபிடாட் பணி இதற்குப் பாடநூல் போன்றது. பல ஆயிரம் தொல்குடி வீடுகளில் குழாய், மின்இணைப்பு, கழிப்பறை எல்லாவற்றையும் சோதித்தார்கள். 'பழுது பார்க்காமல் ஆய்வு இல்லை' என்பது அவர்கள் விதி: சோதிக்கப் போகும் நாளிலேயே பிளம்பரும் எலெக்ட்ரீஷியனும் கூடப் போவார்கள். பழுதுகளுக்குப் பெரும் காரணம் வழக்கமான பராமரிப்பு இல்லாதது. அடுத்தது முதலிலேயே மோசமாகக் கட்டியது. குடியிருப்போர் உடைத்தவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 'கொடுத்தால் உடைத்துவிடுவார்கள்' என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் இந்த விடையை எடுத்து வையுங்கள்.

இதிலிருந்து செய்ய வேண்டியவை: ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் கடையில் கிடைக்கும் அளவுக் குழாய்களையே பயன்படுத்துங்கள். நிலத்தடி நீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம் என்பதால் நுண்ணிய வடிகட்டியும் உணர்கருவியும் வைத்த குழாய்கள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கையால் திருகும் குழாய் போதும். வால்வுகளைச் சுவருக்குள் புதைக்காமல் கைக்கு எட்டுமாறு வெளியில் வையுங்கள். இத்தாலியக் கண்ணாடியும் ஜெர்மன் கதவுப் பூட்டும் படத்தில் அழகாக இருக்கும்; உடைந்த அன்று ஒரு பலகையை அடித்து மூடிவிடுவார்கள், பலகை பத்து ஆண்டு இருக்கும்.

ஏழாம் படி: ஒப்பந்தம், உரிமை, திறப்புக்குப் பின்

கதை, கோலம், பெயர், ஒலிப்பதிவு எதுவும் உங்கள் அலுவலகத்தின் சொத்து ஆகக் கூடாது. வழக்கமான கட்டடக் கலைஞர் ஒப்பந்தத்தில் வரைபடங்களின் காப்புரிமை முழுவதும் வரைந்தவருக்கே என்று இருக்கும். தொல்குடி அறிவிலிருந்து வந்த பகுதிக்கு அது பொருந்தாது என்று ஒரு தனிப் பிரிவு சேர்க்க வேண்டும். குலத்தின் அறிவிலிருந்து ஓவியம் வரைந்தவருக்கு அந்தக் குலத்தின்பால் பொறுப்பு உண்டு என்பதை 1998இல் ஜான் புலுன் புலுன் வழக்கில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றமே பேசியிருக்கிறது. வழக்கறிஞர் டெரி ஜாங்கே இந்தத் துறையில் பல ஆண்டுகளாக நடைமுறை நெறிகளை எழுதி வருகிறார். ஒப்பந்தம் எழுதும் முன் அவற்றைப் படிப்பது பணத்தையும் மனக்கசப்பையும் மிச்சப்படுத்தும்.

கட்டுமான ஒப்பந்தத்தில் உள்ளூர் ஆட்களுக்கு வேலை என்ற வரி எப்போதும் இருக்கும், பெரும்பாலும் வெறும் வரியாகவே. வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்தால்தான் அது நடக்கும்: கல் அறுப்பது, தாழ்வாரத் தளம், வேலி, செடி நடுவது. ஊதியத்தைப் பயிற்சிச் சான்றிதழோடு இணைக்கும் பொறுப்பை ஒப்பந்ததாரரிடம் எழுதி வாங்குங்கள்.

நடத்தும் செலவுக்குக் கட்டும்போதே ஒரு கணக்குப் போட்டு, பணம் தரும் துறையிடம் காட்டுங்கள். திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருவார்; மூன்றாம் ஆண்டு கழிவுநீர்த் தொட்டி நிரம்பும்போது அவர் வேறு துறைக்கு மாறியிருப்பார். எத்தனை ஊழியர், எந்த வாரத்தில் வடிகட்டி மாற்ற வேண்டும், எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பதைப் படங்களோடும் உள்ளூர் மொழியோடும் ஒரு சுவரொட்டியாக அடித்து ஊர்ப் பக்கத்து அறையில் ஒட்டுங்கள். முந்நூறு பக்கக் கையேட்டை யாரும் திறப்பதில்லை, நம் ஊரிலும்தான்.

உங்கள் கட்டணத்திலேயே இரண்டு மறுவருகைகளுக்கான செலவைச் சேர்த்துவிடுங்கள்: முதல் கோடை முடிந்ததும் ஒன்று, குறைபாட்டுக் காலம் (கட்டியவரே குறைகளைச் சரிசெய்து தர வேண்டிய காலம்) முடியும் முன் ஒன்று. இரண்டு முறையும் பிளம்பரைக் கூட்டிக்கொண்டு போங்கள். விருதுக்கும் இணையதளத்துக்கும் புகைப்படக்காரரை அனுப்புவதாக இருந்தால், எந்தப் பக்கத்தை எடுக்கலாம் என்று முதலில் கேளுங்கள். எடுத்த படங்களைக் கொண்டுபோய்க் காட்டி, வேண்டாம் என்றவற்றை அங்கேயே அழித்துவிடுங்கள். பின்னாளில் படத்தில் இருப்பவர் இறந்தால் அதை இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லி ஊரிலிருந்து அழைப்பு வரும். அந்த அழைப்பை எடுக்க உங்கள் அலுவலகத்தில் ஓர் ஆளின் பெயரையும் எண்ணையும் ஊர் மன்றத்திடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.